பைபாஸ் ஓட்டலா, ஊருக்குள் மெஸ்ஸா, கட்டுச்சோறா?

காரில் கிளம்பிச் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். மத்தியானம் எங்கே சாப்பிடுவது? பிள்ளைகளுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் பளபளவென்று நிற்கும் பெரிய ஓட்டல் வேண்டும். மனைவிக்குக் கழிப்பறை சுத்தமாக இருந்தால் போதும், சாப்பாடு எப்படியோ இருக்கட்டும். அம்மாவுக்கு வீட்டிலிருந்து கட்டி எடுத்த சோறு. எனக்கோ ஊருக்குள் இறங்கி ஒரு மெஸ்ஸைத் தேட வேண்டும். தாம்பரத்திலிருந்து எங்கள் ஊர் சாத்தூர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வருஷத்துக்கு ஐந்தாறு நடை. இந்த நாலு கட்சியும் மாறி மாறி ஜெயித்ததில், எது எப்போது சரிப்படும் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. நடுவில் தனியாக பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பட்ட பாடும் கணக்கில் உண்டு.

பெட்ரோலும் சுங்கமும் நாம் பேரம் பேசிக் குறைக்கிற விஷயங்கள் இல்லை. சாப்பாட்டில்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஐந்து பேர், இரண்டு வேளை, நடுவே காபி, தண்ணீர், நொறுக்கு. யோசிக்காமல் சாப்பிட்டால் ஒரு பக்கப் பயணத்திலேயே இரண்டாயிரத்தைத் தாண்டும். யோசித்துச் சாப்பிட்டால் அதில் பாதிக்கும் குறைவு. விலை மட்டும் பார்த்துப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொண்ட அனுபவமும் இருப்பதால், கடைக்குள் கால் வைக்கும் முன் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். இங்கே சாப்பிடுகிறவர்கள் நாளைக்கும் இங்கே வருவார்களா?

இந்தக் கேள்வியில் முதலிலேயே தோற்றுப்போவது இரவு பஸ்கள் நிற்கும் மோட்டல். அரசு விரைவுப் பஸ்கள் டெண்டர் எடுத்த மோட்டலில்தான் நிற்கும். அதற்காக மோட்டல்காரர் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறார். தனியார் பஸ்களுக்கு வேறு வகையான ஏற்பாடு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறையில் இலவசச் சாப்பாடு. இந்தச் செலவெல்லாம் நம் தட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். நாற்பது பேர் இறங்குவோம், பக்கத்தில் வேறு கடை இருக்காது, இருபது நிமிஷத்தில் ஹாரன் அடிப்பார்கள். மறுபடி அங்கே வரப்போவது எப்போது என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் கவலை இல்லை. ஒருமுறை நள்ளிரவு இரண்டு மணிக்கு அப்படி ஒரு மோட்டலில் இரண்டு பரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்கினேன். பரோட்டா தட்டில் விழுந்தபோது சத்தம் கேட்டது. சால்னா ஆறி, மேலே எண்ணெய் ஆடை கட்டியிருந்தது. வாசலில் இருந்த கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சடித்த விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டார்கள். சண்டை போட்டேன், கொடுத்தும் விட்டேன், ஹாரன் அடித்துவிட்டது.

அந்தத் தண்ணீர் பாட்டில் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உட்காரவைத்துப் பரிமாறும் ஓட்டலில் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அங்கே தண்ணீரோடு உபசரணையும் சேர்கிறது என்பது வாதம். வாசலில் இருக்கும் பெட்டிக்கடைக்கு அந்தச் சலுகை கிடையாது, அது வெறும் விற்பனை. ஆக, கடைக்காரர் செய்வது சட்டப்படி தப்பு என்று தெளிவாகத் தெரிந்துகொண்டே பஸ்ஸில் ஏறலாம். பஸ் பயணத்துக்கு என் முடிவு சுலபமானது: ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுவது, தண்ணீர் வீட்டிலிருந்து, மோட்டலில் டீ மட்டும். பசித்தால் வாழைப்பழம். தோல் உரித்துத் தின்னும் பண்டத்தில் மோட்டல்காரரின் கைவண்ணம் ஏறாது.

அடுத்து பைபாஸ் ஓரத்துப் பெரிய சைவ ஓட்டல்கள். அடையார் ஆனந்த பவன் மாதிரியான தொடர் கடைகள் இப்போது தென்பக்கம் போகும் சாலையில் சீரான இடைவெளியில் வந்துவிட்டன. பித்தளை டவரா வைத்த கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளோ கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம். இந்தப் பெரிய கடைகளுக்கு வருகிறவர்களும் வழிப்போக்கர்கள்தானே, மோட்டல் போலத்தானே ஆகும் என்று கேட்கலாம். ஆகாது. மேல்மருவத்தூர்ப் பக்கம் சாம்பார் புளித்திருந்தால், அடுத்த வாரம் மதுரையில் அதே பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது நமக்கு அது ஞாபகம் வரும். திரும்பி வருகிற வாடிக்கையாளர் அந்தப் பெயருக்கு இருக்கிறார், அந்தக் கிளைக்கு இல்லாவிட்டாலும். அதனால் ருசி ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. மேலேயும் போகாது. சென்னையில் தின்ற அதே தோசை, அதே சட்னி, விலை மட்டும் கொஞ்சம் கூட.

ஐந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு தோசை, காபி என்று முடித்தாலே ஆயிரத்தை நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருக்கும் இனிப்பும் காரமும் பிள்ளைகளின் கண் மட்டத்தில் இருக்கும். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆனால் கார் நிறுத்த இடம், நிழல், வெஸ்டர்ன் டாய்லெட், கை கழுவச் சோப்பு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முட்டி வலிக்கிற அம்மாவைக் கூட்டிப்போகும் என் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதில் மனைவியின் கட்சிதான் சரியென்று இரண்டு வருஷம் கழித்து ஒப்புக்கொண்டேன். இப்போது அங்கே காபிக்கு நிறுத்துகிறோம், சாப்பாட்டுக்கு இல்லை. ஐந்து காபி செலவில் கழிப்பறை, கால் நீட்டல், அம்மாவுக்குப் பத்து நிமிஷ ஓய்வு. அந்த வகையில் பார்த்தால் அந்தக் காபி விலை அதிகம் இல்லை.

சரி, என் கட்சிக்கு வருகிறேன்.

நெடுஞ்சாலைகள் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததிலிருந்து, நல்ல சோறு கிடைக்கும் இடமெல்லாம் நம் கண்ணில் படாமல் போய்விட்டது. திண்டிவனம், பெரம்பலூர், மேலூர் எல்லாம் இன்று பச்சைப் பலகையில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான். அந்த அம்புக்குறியைப் பிடித்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால் வேறு உலகம். காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினால் பன்னிரண்டரை வாக்கில் பெரம்பலூர். நான்கு ரோட்டில் இறங்கி ஊருக்குள் போவேன். மாவட்டத் தலைநகரம் ஆயிற்றே, கோர்ட், கலெக்டர் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. மெஸ் தேடுவதற்கு எனக்கு வேறு செயலி வேண்டாம், இந்த மூன்றில் ஒன்று எங்கே என்று கேட்டால் போதும். குமாஸ்தாவும் வக்கீலும் நர்ஸும் தினமும் சாப்பிடுகிற இடத்தில் சமையல்காரர் ஏமாற்ற முடியாது. இன்று ரசத்தில் தண்ணீர் கூடினால் நாளைக்குப் பெயர் சொல்லித் திட்டு விழும்.

அந்த மாதிரி மெஸ்ஸில் வாழையிலைச் சாப்பாடு நூறு ரூபாயைச் சுற்றி முடிந்துவிடுகிறது. வரி தனியாக வராது. வருஷம் ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்து, சின்னக் கடைகளுக்கான இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் கடைகள், வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கக் கூடாது. அசைவ மெஸ்ஸாக இருந்தால் இன்னொரு லாபம் உண்டு, வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. சாப்பாட்டுக்குள்ளேயே மீன் குழம்பு, கோழிக் குழம்பு, சில இடங்களில் கறிக் குழம்பும் வந்துவிடும். காசு துண்டுக்குத்தான். ஐந்து சாப்பாடு சொல்லி, ஒரு வறுவலும் இரண்டு ஆம்லெட்டும் நடுவில் வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் அசைவச் சாப்பாடு ஆகிவிடும். சாப்பிடும் அளவு குறைந்த பிள்ளைகளுக்கு அளவுச் சாப்பாடு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இலை போட்ட பிறகு கேட்டால் முழுச் சாப்பாட்டுக் காசுதான்.

ஒரு தடவை இலை ஓரத்தில் வத்தக்குழம்பை நான் மூன்றாவது முறை கேட்டபோது, பரிமாறிய பெரியவர் வாளியையே பக்கத்தில் வைத்துவிட்டு, "மெதுவா சாப்பிடுங்க தம்பி, எங்கயும் ஓடிப்போகாது" என்று போய்விட்டார். பெரிய ஓட்டலில் கூடுதல் சாம்பார்க் கிண்ணத்துக்கு நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மெஸ்ஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனைவி படித்துவிட்டுச் சிரிப்பாள். கழிப்பறை பெரும்பாலும் இருக்காது, இருந்தால் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். உள்ளே போய்த் திரும்பி வர, சாப்பிடும் நேரம் போக, இருபதிலிருந்து முப்பது நிமிஷம் கூடுதலாகப் போகும். ஒன்றரைக்குள் போய்விட வேண்டும். இரண்டரைக்கு மேல் போனால் அடிச்சட்டிச் சோறும் ஒல்லியாகிப்போன சாம்பாரும்தான். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, நான் சொன்ன அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. கோர்ட்டை நம்பிய மெஸ் கோர்ட் லீவு நாளில் பூட்டியிருக்கும். நாம் ஊருக்குப் போவதோ ஞாயிறு, பொங்கல், தீபாவளி. ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள் இப்படி உள்ளே போய்ப் பூட்டிய மூன்று மெஸ்களைப் பார்த்துவிட்டு, பசியோடு பைபாஸுக்குத் திரும்பி, அந்தப் பெரிய ஓட்டலில் முக்கால் மணி நேரம் இடத்துக்காக நின்றோம். பிள்ளைகள் இரண்டும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் பார்த்தார்கள்.

அதிலிருந்து பண்டிகைப் பயணத்தில் அம்மாவின் கட்சிக்கு மாறிவிட்டேன். கட்டுச்சோற்றுக்கு எதிராக எனக்கிருந்த ஒரே ஆட்சேபம், அதிகாலை நாலு மணிக்கு யார் எழுந்து கட்டுவது என்பதுதான். அம்மா எழுந்துகொள்கிறாள். அதை நான் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. இப்போது நானும் எழுந்து இலை வாட்டித் தருகிறேன்.

இட்லியை இளஞ்சூட்டில் இருக்கும்போதே நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியில் இரண்டு பக்கமும் புரட்டி எடுக்க வேண்டும். ஆறிய பிறகு தடவினால் பொடி உதிரும். சூடாக மூடினால் வியர்த்துப் போகும். தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்தால் மத்தியானம் வரை மெத்தென்று இருக்கும். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது, வெயிலில் முதலில் கெட்டுப்போவது அதுதான். புளியோதரை ஒரு நாள் முழுக்கத் தாங்கும். தயிர்ச் சோற்றில்தான் அம்மாவின் சாமர்த்தியம். குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைவாள். காலையில் கட்டியது மத்தியானம் பெட்டியைத் திறக்கும்போது சரியாகத் தோய்ந்திருக்கும். தயிராகவே ஊற்றிக் கட்டினால் விழுப்புரத்திலேயே புளித்துவிடும். ஐந்து பேருக்கு இரண்டு வேளைக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய்ச் சாமான் ஆகாது.

எங்கே உட்கார்ந்து தின்பது என்பது ஒரு சிக்கல். சுங்கச்சாவடி தாண்டியதும் மர நிழலில் நிறுத்துவதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், லாரி போகும்போது இலையில் மண் விழும். சாலையோரக் காபிக் கடையில், "அண்ணே, காபி இங்கதான் சாப்பிடப் போறோம், இந்த இட்லியைக் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கறோம்" என்று கேட்டால் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறார்கள். பெரிய ஓட்டலில் கேட்டுப் பார்க்கவே வேண்டாம்.

ரயிலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்பிரஸ் வண்டியில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், நிலையத்தில் 70, வண்டியில் காலை டிபன் 40 என்பது ரயில்வே நிர்ணயித்த விலை. கேட்கிற விலை அதைவிடக் கூடினால் பில் கேட்கலாம், பில் இல்லையென்றால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயின் சொந்த அறிவிப்பு. பில் கேட்டதும் விலை இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். பொதுப் பெட்டி நிற்கும் இடத்துக்கு எதிரே நடைமேடையில் 20 ரூபாய்ச் சாப்பாடு வைக்கும் திட்டம் 2023-இல் வந்தது. ஏழு பூரியும் உருளைக்கிழங்கும், நம் பக்கம் எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்றும் கிடைக்கிறது. தண்ணீர் ரயில் நீர் லிட்டர் 14 ரூபாய், 2025 செப்டம்பரில் ஒரு ரூபாய் குறைத்தார்கள். பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துத் திருச்சியிலோ மதுரையிலோ ஊர் ஓட்டல் சாப்பாட்டை இருக்கைக்கே வரவழைக்கும் வசதியும் இருக்கிறது. வண்டி தாமதமானால் சோறும் நம்மைப் போலக் காத்திருந்து ஆறிவிடும், அதுதான் குறை. வந்தே பாரத்தில் டிக்கெட் போடும்போதே சாப்பாடு வேண்டாம் என்று குறித்தால் அந்தப் பணம் மிச்சம். நாங்கள் குறிக்கிறோம். நெல்லை எக்ஸ்பிரஸ் என்றால் கேள்வியே இல்லை, இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஏறிப் படுத்துவிடுவது.

தாம்பரத்துக்குத் திரும்பி வந்தால் கணக்கே வேறு. வழியில் திரும்பி வருகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன், இங்கே திரும்பி வருகிறவன் நானே. ஞாயிறு ராத்திரி சமைக்க யாருக்கும் மனம் இருக்காது. தெருமுனையில் ஒரு கையேந்தி பவன் இருக்கிறது, இட்லியும் கல்தோசையும் மட்டும். நாலு வருஷப் பழக்கத்தில், "அண்ணே, இன்னைக்குக் காரச் சட்னி தூக்கலா இருக்கு, பாப்பாவுக்கு வேணாம்" என்று அவரே சொல்லிவிடுவார். இந்த எச்சரிக்கை எந்த மெனு அட்டையிலும் இருக்காது. தண்ணீர் மட்டும் நான் அங்கே குடிப்பதில்லை. தட்டு கழுவும் வாளியையும் அதிகம் பார்க்காமல் இருப்பதற்காக வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுபோய் வாங்கி வந்துவிடுகிறேன். சூடான சாம்பார் பிளாஸ்டிக் கவரில் வருவதைவிட எவர்சில்வரில் வந்தால் மனசுக்கு நிம்மதி. 2019 ஜனவரியிலிருந்தே அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதைக் கவரே மறந்துவிட்டது.

செயலியில் வரவழைப்பதை ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடந்துபோய் வாங்கக்கூடிய பரோட்டாக் கடை, அதே ஆறு பரோட்டா, ஒரு சிக்கன் கிரேவி. செயலியில் பொருளின் விலையே கல்லா விலையைவிடக் கூட இருந்தது, அதற்கு மேல் கொண்டுவரும் கூலி, தளக் கட்டணம், வரி. மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மழை கொட்டும் இரவில், காய்ச்சலில் கிடக்கும்போது அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம், தப்பில்லை. நானூறு மீட்டர் நடக்கச் சோம்பல்பட்டுக் கொடுத்த நாட்களும் எனக்கு உண்டு. பார்சல் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: முழுச் சாப்பாட்டுப் பார்சலில் கட்டும் சோறு பல ஓட்டல்களில் இரண்டு பேருக்குக் காணும். நாலு பேருக்கு இரண்டு பார்சலும் வீட்டில் பொரித்த அப்பளமும் போதும்.

அம்மா உணவகத்தை விட்டுவிட்டால் கணக்கு முழுமையாகாது. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர்ச் சாதம் 3. விலையில் அதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பார்சல் தரமாட்டார்கள், நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், நேரம் தவறினால் தீர்ந்துவிடும். குடும்பத்தோடு போகிற இடமாக அது எங்களுக்கு அமையவில்லை. ஆனால் உறவினர் ஒருவருக்குத் துணையாகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு வேளை அங்கேதான். கேன்டீனில் ஒரு வேளைக்கு ஆகிற காசில் அங்கே ஒரு நாள் ஓடியது. இட்லி சூடாகவே இருந்தது, சாம்பார் நாளுக்கு நாள் மாறும்.

கல்யாணத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தபோது மெஸ்ஸில் டோக்கன் வாங்கிச் சாப்பிட்டவன் நான். ஊருக்குள் மெஸ் தேடும் பைத்தியம் அங்கே பிடித்ததாக இருக்கலாம். ஆகவே என் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

வருகிற பொங்கலுக்கு இப்படி முடிவாகியிருக்கிறது. காலை இட்லி வீட்டிலிருந்து, அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து. மத்தியானம் தயிர்ச் சோறும் புளியோதரையும், மெஸ் திறந்திருக்காது என்பதால் என் கட்சி இந்த முறை போட்டியிடவில்லை. திருச்சி தாண்டியதும் பெரிய ஓட்டலில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ரோஸ்ட், பெரியவர்களுக்குக் காபி, எல்லோருக்கும் கழிப்பறை. திரும்பும்போது வேலை நாள், அதனால் பெரம்பலூர். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "திரும்பி வரும்போதும் நானே நாலு இட்லி கட்டிட்டு வந்திருவேன்ய்யா, எதுக்கு வீண் செலவு" என்றாள். பேச்சுவார்த்தை நடக்கிறது. சாத்தூர் வந்ததும் காராச்சேவு வாங்க வண்டியை நிறுத்த வேண்டும் என்பதில் எல்லாக் கட்சியும் ஒன்று. எந்தக் கடை முன்னால் நிறுத்துவது என்பதில்தான் இன்னும் இழுபறி.